கமடோரின் முதுகில் ஓர் ஆப்பிள்

ரைமோ ஹக்காலாவுக்கு நாங்கள் செய்ததை, கனடாவின் தண்டர் பே நகரில் இப்போது யாரும் பேசுவதில்லை. செய்தவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் இருக்கிறேன். அச்சகம் வைத்திருந்த எலியோ என்றால் பழைய ஆட்களுக்கு என்னைத் தெரியும்.

ரைமோ துறைமுகத்தில் தானியக் கிடங்கில் எடைக்காரன். மேற்கிலிருந்து கோதுமை ஏற்றி வரும் ரயில் பெட்டிகளை நிறுத்து எழுதுவது வேலை. ஒரு பெட்டியில் இருபது கிலோ இடித்தால்கூட விடமாட்டான், இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி நிறுப்பான். அவனால் ரயில்கள் தாமதமாகின்றன என்று மேலதிகாரிகள் முனகுவார்கள். ஆனால் அவன் எழுதிய எண்ணை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

நகைச்சுவை அவனுக்குப் புரியாது என்று சொல்ல முடியாது. தாமதமாகப் புரியும். எல்லோரும் சிரித்து முடித்து, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவன் மட்டும் திடீரென்று சிரிப்பான். அதைப் பார்த்து நாங்கள் இன்னொரு தடவை சிரிப்போம்.

1982ல் அவன் மனைவி கேரல், மகள் ஐலாவைக் கூட்டிக்கொண்டு வின்னிபெக் போய்விட்டாள். சண்டை, போலீஸ் என்று எதுவும் நடக்கவில்லை. அவன் பேசுவதே இல்லை என்பதுதான் அவள் சொன்ன காரணம். பஸ்ஸில் எட்டு மணி நேரத் தூரம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரைமோ போன் செய்வான். கேரல் பக்கத்திலேயே நிற்பாள் என்பதால் தகப்பனும் மகளும் பருவநிலை பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள்.

அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஐலாவின் பள்ளிக்கூடத்துக்கு ஆப்பிள் கம்ப்யூட்டர்கள் வந்தன. அவளுக்கு அப்போது பத்து வயது ஆகவிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேரல் கொஞ்சம் நகர்ந்த நேரத்தில், போனில் சொன்னாள்.

"அப்பா, உனக்குன்னு கம்ப்யூட்டர்ல ஒண்ணு பண்ணியிருக்கேன். பிளாப்பில போட்டு அனுப்புறேன். அம்மாவுக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது. நீ ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கோ."

"சரி. வாங்கிடறேன்."

மறுநாளே கடைக்குப் போய், "கம்ப்யூட்டர் ஒண்ணு குடுங்க" என்று கேட்டிருக்கிறான். கடைக்காரர்கள் விலை மலிவான வேறு கம்பெனியின் கமடோர் 64ஐக் கொடுத்தார்கள். பிளாப்பி வந்தது. செருகினான். கரகரவென்று சத்தம் வந்தது, சிவப்பு விளக்கு சிமிட்டியது, அவ்வளவுதான். ஏதோ தன் கைத்தவறு என்று நினைத்துக்கொண்டு மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறான். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் சங்கத்துக்கு வந்தான்.

எங்கள் கம்ப்யூட்டர் சங்கம் செவ்வாய்க்கிழமை மாலைகளில், பனியில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங் அரங்கின் மாடியில் கூடும். கீழே பனித்தளத்தில் கற்கள் சறுக்கும் சத்தம் தரை வழியாக ஏறிவரும். மாடியில் ஒரு பக்கம் ஆப்பிள்காரர்கள், இன்னொரு பக்கம் கமடோர்காரர்கள், சம்பந்தம் முறிந்துபோன இரண்டு வீட்டார் மாதிரி உட்கார்ந்திருப்போம். ஆப்பிள் பக்கம் பல் டாக்டர், வாத்தியார்கள், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த லாயிட் பெல்லோ. எங்கள் பக்கம் காகித ஆலைக்காரர்கள், ரயில்வேக்காரர்கள், நான். சங்கச் செயலாளர் டோரீனும் எங்கள் பக்கம்தான். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டவர்.

ரைமோவின் கையிலிருந்த பிளாப்பியை லாயிட் எட்டிப் பார்த்தான்.

"யோவ், இது ஆப்பிள் பிளாப்பி. உன் ரொட்டி டப்பாவுல ஓடாது. கொண்டா இப்படி, மனுஷங்க மெஷின்ல போட்டுப் பார்ப்போம்."

ரைமோ கொடுத்துவிட்டான். லாயிட் அதைத் தன் மெஷினில் செருகினான். நாங்கள் சூழ்ந்துகொண்டோம். திரையில் ஒரு கேள்வி வந்தது. லாயிட் சின்னப் பெண் குரலில் அதைப் படித்தான்.

"அப்பா சூப் குடிக்கும்போது என்ன சத்தம் வரும்? ஒண்ணு, ரயில். ரெண்டு, சாக்கடை. மூணு, குதிரை."

எல்லோரும் சிரித்தோம். ரைமோகூடச் சிரித்தான். லாயிட் இரண்டை அமுக்கினான். "சரியான விடை!" என்று திரை சொன்னது.

"அம்மா வீட்டை விட்டுக் கிளம்பினப்போ அப்பா என்ன சொன்னார்? ஒண்ணு, போகாதே. ரெண்டு, போய்த் தொலை. மூணு, ஒண்ணுமே சொல்லலை."

"போதும், லாயிட்," என்றார் டோரீன்.

"இருங்க டோரீன், பரீட்சை நடக்குது. மூணுதானே ரைமோ? வாயைத் திறக்க மாட்டேங்கறான் பாரு, அப்ப மூணுதான்." அமுக்கினான். சரியான விடை.

அடுத்ததுதான் கடைசி. "நவம்பர் 12 என் பிறந்தநாள். வருவியா? ஒண்ணு, வருவேன். ரெண்டு, மாட்டேன்."

லாயிட் எங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கூட்டம் தன் கையில் இருக்கிறதா என்று பார்க்கும் பார்வை அது. இரண்டை அமுக்கினான்.

திரையில் ஒரே வரி. "எனக்கு முன்னாடியே தெரியும்."

எவ்வளவு சிரித்தோம் என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது. ரைமோ மேஜையருகே குனிந்து, "ஒண்ணை அமுக்கு," என்றான்.

"ஆட்டம் முடிஞ்சுபோச்சுப்பா."

"மறுபடி போடு. ஒண்ணை அமுக்கு. அது என்ன சொல்லுதுன்னு பார்க்கணும்."

லாயிட் பிளாப்பியை உருவி அவன் சட்டைப் பையில் செருகி, பையைத் தட்டிக் கொடுத்தான். "சொந்தமா ஒரு ஆப்பிள் வாங்கிப் பாரு."

நவம்பர் என்பது ஏரி உறைவதற்குள் கடைசிக் கப்பல்கள் நிரம்ப வேண்டிய மாதம். கிடங்கில் யாருக்கும் லீவு கிடையாது. ரைமோ பிறந்தநாளுக்குப் போகவில்லை.

ஐலா மட்டும் பிளாப்பிகள் அனுப்பிக்கொண்டே இருந்தாள், இரண்டு மாதத்துக்கு ஒன்று. அவன் அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்தான். போனில் அவள் கேட்டால், "பார்த்தேன் கண்ணு, நல்லாருக்கு," என்பான். பள்ளிக்கூடம் எதிலாவது போய்க் கேட்கலாமே, அங்கே ஆப்பிள் இருக்குமே என்று டோரீன் சொல்லிப் பார்த்தார்.

"அங்கயும் யாராவது பக்கத்துல நின்னு பார்ப்பாங்க," என்றான்.

ஆப்பிள் மெஷின் விலை அவன் கைக்கு எட்டாதது. அப்போதுதான் ஒரு பத்திரிகையில் அந்த விளம்பரம் வந்தது. வான்கூவரில் நார்த்ஃபோர்க் என்று ஒரு சின்னக் கம்பெனி. கமடோரின் முதுகில் செருக ஒரு பெட்டி செய்கிறார்களாம். கீபோர்டும் திரையும் கமடோருடையதே, பெட்டிக்குள் இருக்கும் மூளை மட்டும் ஆப்பிளுடையது. செருகி ஒரு பொத்தானைத் தட்டினால் கமடோர் ஆப்பிளாக நடந்துகொள்ளும், ஆப்பிள் பிளாப்பிகளைப் படிக்கும். ரைமோ அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஒரு வாரம் சுற்றினான். பிறகு தன் படகு மோட்டாரை விற்று முழுப் பணத்தையும் அனுப்பினான்.

பெட்டி வரவில்லை. தபால் அட்டைகள் வந்தன. "அடுத்த மாதம் அனுப்புகிறோம்." அடுத்த மாதம், "ஒரு பாகம் தாமதம், அதற்கடுத்த மாதம்." ஒவ்வோர் அட்டையையும் சங்கத்துக்குக் கொண்டுவந்து எங்களுக்குப் படித்துக் காட்டுவான், நாங்களும் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டு. ஒன்றே முக்கால் வருஷம் இப்படி ஓடியது.

1986 ஜனவரியில் லாயிட் என் அச்சகத்துக்கு வந்தான். வெளியே மைனஸ் முப்பது. ஊரில் செய்வதற்கு ஒன்றுமில்லை. நார்த்ஃபோர்க்கிலிருந்து தான் வரவழைத்த விளம்பரத் தாளை என் மேஜையில் போட்டான்.

"இந்தத் தலைப்பை அப்படியே அடிச்சுத் தர முடியுமா? இருபது தாள் போதும்."

"எதுக்கு?"

"நம்ம ரைமோவுக்கு எவனும் ஒழுங்கா லெட்டர் போட மாட்டேங்கறான். நாம போடுவோம்."

ஏன் ஒப்புக்கொண்டேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். லாயிட் யாரையாவது கடிக்காமல் இருக்கமாட்டான். அது நானாக இல்லாதவரை எனக்கு நிம்மதி. அதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. இருபது கேட்டான், ஐம்பது அடித்துக் கொடுத்தேன்.

வான்கூவரில் லாயிட்டின் மைத்துனன் இருந்தான். கடிதங்களை அவன் அங்கிருந்து தபாலில் போட்டான். ரைமோ பதில் எழுத வேண்டிய முகவரியும் அவனுடைய தபால் பெட்டி எண்தான்.

முதல் கடிதம் இப்படிப் போனது. "உங்கள் பெட்டி தயார். உங்கள் அறைக்கு ஏற்றபடி அதைச் சரிசெய்ய வேண்டும். மேஜையின் உயரம், சுவரிலிருந்து அதன் தூரம், முப்பது நாட்களுக்குக் காலை, மதியம், இரவு அறை வெப்பநிலை ஆகியவற்றை எழுதி அனுப்பவும்."

ரைமோ எழுதினான். மதிய எண்ணுக்காகச் சாப்பாட்டு நேரத்தில் துறைமுகத்திலிருந்து பனியில் வண்டியோட்டி வீட்டுக்குப் போய், வெப்பமானியைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் திரும்புவான். அவன் அனுப்பிய பதில் வான்கூவர் போய் லாயிட்டிடம் திரும்பி வந்தது. கடையை அடைத்த பிறகு நாலைந்து பேர் கூடி அதைப் படித்தோம். தொண்ணூறு எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் எண்பத்தொன்பது இருந்தன. கீழே ஒரு குறிப்பு. "14ஆம் தேதி மதியம் ரயில் தாமதமானதால் பார்க்க முடியவில்லை. தோராயமாக ஓர் எண் எழுத மனம் வரவில்லை. மன்னிக்கவும்."

"தோராயமா எழுத மனசு வரலையாம்!" என்று லாயிட் மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தான். எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. ஆனாலும் கூடவே சிரித்தேன்.

இரண்டாவது கடிதம் அறையிலுள்ள கம்பளத்தைப் பிடுங்கச் சொன்னது. கம்பளத்தில் மின்சாரம் சேருமாம். ஒரு வாரம் வீட்டுக்குள் ரப்பர் பூட்ஸ் போட்டு நடக்கச் சொன்னது. செவ்வாய்க்கிழமை அவனே எங்களிடம் விளக்கினான்.

"ரொம்ப நுணுக்கமா செய்றாங்கப்பா. அதான் இவ்வளவு லேட்டு. இப்ப எனக்குப் புரியுது."

"தூங்கறப்பவும் பூட்ஸ் போட்டுக்கிறியா?" என்று லாயிட் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டான்.

ரைமோ யோசித்தான். "அதைப் பத்தி எழுதலை. கேட்டு எழுதறேன்."

மூன்றாவது கடிதம் மார்ச் கடைசியில் போனது. "ஒன்டாரியோ மாகாணத்திலேயே முதல் பெட்டி உங்களுக்குத்தான். நேர்த்தியான ஒத்துழைப்புக்கு நன்றி. ஏப்ரல் 19 சனிக்கிழமை உங்கள் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் திறந்து இயக்கிக் காட்டவும். அதுவரை பெட்டியைப் பிரிக்கக் கூடாது."

கடிதத்தை எங்களுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினான். "ஐலா வர்றா," என்றான். "கேரல் சரின்னுட்டா. வெள்ளிக்கிழமை பஸ்ஸுல ஏத்தி விடறா. புது பிளாப்பி ஒண்ணு கொண்டு வர்றாளாம். எல்லார் முன்னாடியும் அதைத்தான் முதல்ல போடப் போறேன்."

விஷயம் தெரியாத டோரீன் கைதட்டினார். எங்கள் ஊர் இனிப்பான பெர்சியன் பன்னைத் தானே வாங்கி வருவதாகவும், குழந்தைக்காக அதன் மேல் பெர்ரிப் பூச்சு நிறையப் போடச் சொல்வதாகவும் சொன்னார்.

மறுநாள் நான் லாயிட்டின் கடைக்குப் போனேன்.

"பொண்ணு வருதாம்யா. இதோட விட்டுடலாம்."

அவன் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வரட்டுமே. அதுவும் சிரிச்சுட்டுப் போகட்டும்."

"பன்னெண்டு வயசுக் குழந்தை, லாயிட்."

"அவ்வளவு கஷ்டமா இருந்தா நீ போய் அவன்கிட்ட சொல்லு. லெட்டர் எழுதினது லாயிட்னு சொல்லு. தாள் யார் அடிச்சதுன்னு கேப்பான், அதையும் மறைக்காம சொல்லிடு."

நான் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதினெட்டு நாட்கள் இருந்தன. அதில் நாலு நாள் அவனை நேரிலேயே பார்த்தேன். ஒரு நாள் அவன் என் அச்சகத்துக்கே வந்து, அழைப்பிதழ் அடிக்கச் சொன்னான். அடித்துக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை மதியம் மாடியில் நாற்பது பேருக்கு மேல் கூட்டம். ரைமோ கோட்டும் டையும் கட்டியிருந்தான். டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது, ஐலா அதை எட்டிச் சரிசெய்தாள். நீலக் கோட்டு போட்ட ஒல்லியான பெண். எங்களில் யாரையும் அவளுக்குத் தெரியாது. எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள், அப்பாவின் நண்பர்கள் என்று.

மேஜை மேல் கமடோர். பக்கத்தில் வான்கூவரிலிருந்து வந்த பெட்டி. ரைமோ ஒரு தாளைப் பார்த்துப் படித்தான்.

"கமடோருக்கும் ஆப்பிளுக்கும் இனிமே சண்டை வேண்டாம். ஒரே மேஜையில ரெண்டும் இருக்கலாம். இவ்வளவு நாள் பொறுமையா இருந்த எல்லாருக்கும் நன்றி. என் மகளுக்கும்."

பெட்டியைத் திறந்தான். மேலே நுரைத்துண்டுகள். அவற்றை அள்ளிப் போட்டான். அடியில் ஓர் ஆப்பிள் பழம் இருந்தது. சிவப்பாக, நன்றாகத் துடைக்கப்பட்டு. அதன் முதுகில் ஒரு பட்டை ஒயரின் நுனி குத்தியிருந்தது.

முதலில் சிரித்தது ஐலாதான். அப்பாவின் வேடிக்கை என்று நினைத்துவிட்டாள். "ஐயோ அப்பா!" என்று கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். குழந்தையே சிரித்துவிட்டது, இனி என்ன என்பதுபோல் மொத்தக் கூட்டமும் சிரித்தது. அழாத குறையாகச் சிரித்தார்கள்.

ரைமோ சிரிக்கவில்லை. பழத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினான். நுரைத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். அடி அட்டையைத் தூக்கிப் பார்த்தான். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினான்.

"செருகிப் பாருப்பா!" என்று லாயிட் பின்வரிசையிலிருந்து கத்தினான். "கமடோர் முதுகுல செருகு! அசல் ஆப்பிளாவே ஆயிடும்!"

ஐலாவின் சிரிப்பு நின்றது. "அப்பா, மெஷின் எங்கப்பா?"

"இதுல இருக்கணும்."

"இது... நீ பண்ணினது இல்லையா?"

இல்லை என்று அவன் தலையை ஆட்டினான்.

"இன்னும் வரவே இல்லைன்னா, அப்ப நான் அனுப்பினதையெல்லாம் எதுல பார்த்தே?"

கூட்டத்தில் பாதிப் பேர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரைமோ அவளைப் பார்த்து மெதுவாகச் சொன்னான், ஆனால் மேஜையருகே நின்ற எனக்குக் கேட்டது.

"பார்க்கலை."

"நல்லாருக்குன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"ஒவ்வொரு தடவையும் சொன்னியே அப்பா."

"முதல் ஒண்ணு பார்த்தேன். ஒருத்தர் காட்டினார்."

ஐலா கையில் வைத்திருந்த புது பிளாப்பியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். டோரீன் பன் தட்டோடு ஓடிவந்தார். ஐலா ஒன்றை எடுத்துக்கொண்டு நன்றி சொன்னாள். அதைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டாள். அதற்குப் பிறகு பிளாப்பி வரவில்லை.

நாங்கள் செய்தோம் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. "என்ன அயோக்கியக் கம்பெனிப்பா அது," என்றான் லாயிட், அன்றே, ரைமோவின் முகத்தைப் பார்த்தே. ஆனால் ரைமோ முட்டாள் இல்லை. சங்கத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். கடைத்தெருவில் எங்களில் யாரையாவது பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவான்.

ஏழு மாதம் கழித்து, நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது படியேறி வந்தான். கிடங்கிலிருந்து நேராக வந்திருந்தான், தலையெல்லாம் கோதுமைத் தூசி. ஒரு கையில் பிரிக்காத பார்சல். இன்னொரு கையில் ஒரு பெரிய இரும்புச் சுத்தியல். ரயில் பெட்டியில் தானியம் ஒட்டிக்கொண்டால் வெளியே தட்டி விழவைப்பதற்கு வைத்திருப்பார்கள்.

பார்சலை நடு மேஜையில் வைத்தான்.

"இந்தத் தடவை ரொம்ப மெனக்கெட்டிருக்கீங்க," என்றான். "கனமே ஏழரை கிலோ இருக்கு. போன தடவை ரெண்டு கிலோகூட இல்லை. செங்கல்லா?"

நான் லாயிட்டைப் பார்த்தேன். லாயிட் என்னைப் பார்த்தான். நீயா என்று அவன் புருவம் கேட்டது. நான் இல்லை. அவனும் இல்லை.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வாயைத் திறந்து 'நிறுத்து' என்று சொல்ல நேரம் இருந்தது. ஒரு முழு நிமிஷம் இருந்தது, ஏனென்றால் ரைமோ கோட்டைக் கழற்றி நாற்காலியில் ஒழுங்காக மடித்துப் போட்டான். ஆனால் 'இது நாங்க அனுப்பினது இல்லை' என்று சொன்னால், போன தடவை வந்ததை அனுப்பியது நாங்கள்தான் என்று ஆகிவிடும். அதனால் நான் பேசவில்லை. லாயிட்டும் பேசவில்லை.

"ரைமோ, முதல்ல பிரிச்சுப் பாரேன்," என்றார் டோரீன்.

"பிரிச்சுத்தான் போன தடவை பார்த்தேனே. இப்ப நீங்க பாருங்க."

மூன்று அடி அடித்தான். முதல் அடியில் அட்டை நசுங்கியது. இரண்டாவதில் உள்ளே பிளாஸ்டிக் உடையும் சத்தம் கேட்டது. மூன்றாவதில் பெட்டி பிளந்து, பச்சைப் பலகை ஒன்று இரண்டாக வெளியே வந்தது. கறுப்புச் சில்லுகள் கரப்பான்பூச்சிகள் மாதிரி மேஜையில் சிதறின.

ரைமோ சுத்தியலைக் கீழே வைத்தான். ஒரு சில்லை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். இன்னொன்றை எடுத்தான். கிழிந்த அட்டைக்குள்ளிருந்து கையேடு ஒன்று நழுவி விழுந்தது. தடிமனான, அழகாக அச்சான கையேடு. அதன் மேல் ஒரு கடிதம். "தாமதத்துக்கு வருந்துகிறோம். உங்கள் பொறுமைக்கு எங்கள் மனமார்ந்த நன்றி."

கீழே பனித்தளத்தில் ஒரு கல் இன்னொன்றில் மோதும் சத்தம் கேட்டது.

"இது நாங்க அனுப்பினது இல்லைப்பா," என்றான் லாயிட்.

யாரோ சிரித்தார்கள். பயத்தில் தொண்டையிலிருந்து கிளம்பிவிடும் ஒரு சிரிப்பு. அது என்னுடையது.

ரைமோ நிமிர்ந்து பார்க்கவில்லை. முழங்காலிட்டு, மேஜைக்கடியில் விழுந்திருந்ததையெல்லாம் பொறுக்கினான். டோரீன் மட்டும் அவனோடு தரையில் உட்கார்ந்து பொறுக்கினார். எல்லாவற்றையும் கிழிந்த அட்டைக்குள் போட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போனான். சுத்தியலை மறந்துவிட்டான். அது கிடங்கின் சொத்து என்பதால் மறுநாள் காலை வந்து எடுத்துப் போனான்.

வான்கூவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறான். உடைத்தது தான்தான், பழுது பார்த்துத் தர முடியுமா, செலவைக் கொடுத்துவிடுகிறேன் என்று. கடிதம் திரும்பி வந்தது. குளிர்காலம் முடிவதற்குள் கம்பெனியே மூடிவிட்டது. மூன்று மாதம் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை வைத்துக்கொண்டு அவனே ஒட்டிப் பார்த்தான். விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது என்று டோரீன் பிறகு சொன்னார். அந்த வசந்தத்திலேயே அவர் சங்கத்தை விட்டு விலகினார். லாயிட் சங்கத் தலைவரானான். மூன்று வருஷம் நன்றாகவே நடத்தினான், எல்லோருக்கும் அவனைப் பிடித்திருந்தது.

நான் ரைமோவோடு பேசியது 1990ல், ஒரே ஒரு தடவை. பே தெருவில் ஃபின்லாந்துக்காரர்களின் சாப்பாட்டுக்கடையில் ஞாயிறு காலை இடமே கிடைக்காது. பரிமாறுகிற பெண் என்னைக் கொண்டுபோய் அவன் மேஜையில் உட்காரவைத்துவிட்டாள். எழுந்து போக முடியவில்லை. அவன் பான்கேக்கை அளவாக வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் பத்து நிமிஷம் காபியைக் கலக்கினேன்.

"ரைமோ, அந்த லெட்டர் தாள் நான் அடிச்சது."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. நீ அடிச்ச அழைப்பிதழோட ஒரு தாள் கூடுதலா வந்தது. அதையும் லெட்டரையும் நிறுத்துப் பார்த்தேன். ஒரே காகிதம். ஆனா பார்த்தது அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா? அதையும் அடிச்சு ஊருக்குக் குடுத்திருப்பீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. ஐலா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

அவன் முள்கரண்டியை வைத்தான். போன வருஷம் ஒரு பள்ளிக்கூடம் பழைய ஆப்பிள் மெஷின்களை ஏலம் விட்டது, ஒன்று நாற்பது டாலருக்குக் கிடைத்தது என்றான். வீட்டில் தனியாக உட்கார்ந்து, பதினாறு பிளாப்பிகளையும் வரிசையாகப் போட்டுப் பார்த்திருக்கிறான். ஒன்றுகூடக் கெட்டுப்போகவில்லை. எல்லாவற்றிலும் கேள்விகள். கோடை விடுமுறைக்கு உன்னோடு வந்து இருக்கட்டுமா? அம்மாவின் புது நண்பர் கத்துகிறார், உனக்குச் சொல்லலாமா, கூடாதா? என்னை உன்னிடம் தரச் சொல்லி கோர்ட்டுக்குப் போவாயா?

"ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு, ரெண்டுன்னு போட்டிருந்தா," என்றான். "நானும் ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதினேன். பன்னெண்டு பக்கம் வந்தது. அவளுக்கு அனுப்பினேன்."

"பதில் போட்டாளா?"

"போட்டா. அப்ப அவளுக்குப் பதினஞ்சு முடிஞ்சிருந்தது. ஒரு கார்டு." கையை விரித்து அதன் அளவைக் காட்டினான். "'நீங்க எழுதினது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. அப்ப சின்னப் பொண்ணு. ஏதாவது எழுதியிருப்பேன். நீங்க இதையெல்லாம் மனசுல வெச்சுக்க வேண்டாம்.' அவ்வளவுதான். நீங்கன்னு எழுதியிருந்தா."

"மறுபடி எழுதிப் பாரு."

"எழுதறேன். கிறிஸ்துமஸுக்கு எழுதறேன்."

தட்டில் மீதியிருந்ததைச் சாப்பிட்டு முடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, சில்லறையைத் தட்டுக்கடியில் வைத்தான். மேஜைகளுக்கு இடையே வழி குறுகல். என் பின்னால்தான் அவன் போக வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. கேட்பதற்குச் சரியான வார்த்தையைத் தேடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவன் என் பக்கத்தில் வந்து நின்று காத்திருந்தான்.

"எலியோ," என்றான். "நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்து. நான் போகணும்."

நகர்த்தினேன்.